நான்கு வரியில் முடிந்துவிடும் விடைகள்: ஒரு மாணவனின் எழுத்தும் பெற்றோரின் உதவியும் (நிகழ்வு ஆய்வு)

பின்னணி

ஆறாம் வகுப்பில் படிக்கும் 11 வயது மாணவன் ஒருவன், எந்தப் பாடத்தில் எந்த வினாவைக் கொடுத்தாலும் மூன்று அல்லது நான்கு வரிகளில் விடையை முடித்துவிடுகிறான் என்பதே பெற்றோர் கொண்டுவந்த குறை. ஐந்து மதிப்பெண் வினாவுக்கும் இரண்டு மதிப்பெண் வினாவுக்கும் அவன் விடையின் நீளம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. வகுப்பில் கேட்டால் சொல்கிறான், எழுதச் சொன்னால் எழுதுவதில்லை என்று ஆசிரியர்கள் தேர்ச்சி அட்டையில் குறித்திருந்தனர். தாய் இதனைச் சோம்பல் என்று கருதினார். தந்தையோ, மகனுக்குப் படிப்பு ஆழமாக ஏறவில்லை என்று நம்பினார். இரண்டு விளக்கங்களுமே பொருந்தவில்லை என்பதும், பெற்றோர் மிகுந்த அக்கறையோடு செய்துவந்த உதவியே எழுத்தைச் சுருக்கிக்கொண்டிருந்தது என்பதும் பின்னர்த் தெரியவந்தன. மாணவனை அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் இங்கே தவிர்க்கப்பட்டுள்ளன.

இந்த நிகழ்வில் கவனத்துக்குரிய ஒரு முரண் தொடக்கத்திலேயே இருந்தது. கட்டுரைப் போட்டிகளிலும் தமிழ்த் தேர்வின் பொதுக்கட்டுரை வினாவிலும் அவன் ஒரு முழுப் பக்கம் எழுதினான். நல்ல மதிப்பெண்ணும் பெற்றான். அவற்றைப் படித்துப் பார்த்தபோது காரணம் விளங்கியது. முன்னுரை, பொருளுரை, முடிவுரை ஆகிய மூன்றையும் தந்தை சொல்லச் சொல்ல மகன் எழுதி, மனப்பாடம் செய்து, தேர்வில் அப்படியே ஒப்பித்திருந்தான். சுற்றுச்சூழல் பற்றிய கட்டுரைக்கும் நூலகம் பற்றிய கட்டுரைக்கும் முடிவுரையில் ஒரே மூன்று வாக்கியங்கள் இருந்தன. மனப்பாடக் கட்டுரை மதிப்பெண்ணைத் தருவதால் அது எழுத்துப் பயிற்சியாகத் தோற்றமளிக்கிறது. ஆனால் அதில் குழந்தை செய்வது நினைவிலிருந்து படியெடுக்கும் வேலை மட்டுமே. எதைச் சொல்வது, எதை முதலில் சொல்வது, எதை விடுவது என்னும் முடிவுகளில் ஒன்றைக்கூட அவன் எடுப்பதில்லை.

தாயின் சிவப்புப் பேனா

வீட்டுப்பாடத்தை நாள்தோறும் சரிபார்த்தவர் தாய். மாணவனின் பழைய குறிப்பேடுகளை வகுப்பு வாரியாக அடுக்கிப் பார்த்தால் ஒரு தொடர்ச்சி புலப்பட்டது. மூன்றாம் வகுப்புக் குறிப்பேட்டில் விடைகள் நீளமாக இருந்தன, பிழைகளும் ஏராளம். ரகர றகர மயக்கம், லகர ளகர ழகர மயக்கம், வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகாமை, பன்மை எழுவாய்க்கு ஒருமைப் பயனிலை என அனைத்தும் அங்கே இருந்தன. ஒவ்வொரு பிழையும் சிவப்பு மையால் வட்டமிடப்பட்டு, பக்கத்தின் ஓரத்தில் சரியான வடிவம் எழுதப்பட்டு, ஒவ்வொரு சொல்லையும் பலமுறை எழுதிப் பழகும்படி செய்யப்பட்டிருந்தது. நான்காம், ஐந்தாம் வகுப்புகளில் வட்டங்கள் குறைந்தன. தாய் இதனை முன்னேற்றமாகவே கண்டார். உண்மையில் குறைந்திருந்தது வரிகளின் எண்ணிக்கை. எழுதிய சொற்களுக்கும் பிழைகளுக்கும் இடையிலான விகிதம் பெரிதாக மாறியிருக்கவில்லை.

சொற்களும் சுருங்கியிருந்தன. பேச்சில் 'வெள்ளம்' என்று இயல்பாகச் சொன்னவன், தாளில் 'நிறைய தண்ணீர் வந்தது' என்று எழுதினான். கேட்டபோது, 'வெள்ளத்துக்கு எந்த ள-ன்னு தெரியல, அதான்' என்றான். எழுத்தில் தெரிந்த வறட்சியைக் கொண்டு அவன் சொல்வளத்தை அளந்தவர்கள் தவறான முடிவுக்கு வந்ததில் வியப்பில்லை. பிழைக்குத் தண்டனை உண்டு, சுருக்கத்துக்குத் தண்டனை இல்லை என்ற நிலையில், குறைவாக எழுதுவதே ஒரு குழந்தை எடுக்கக்கூடிய அறிவுள்ள முடிவு.

எங்கே தடை என்று பார்த்தது

எழுதுதல் என்பது ஒரே செயல் அன்று. சொல்ல வேண்டியதைத் திரட்டுதல், அதை வாக்கியமாக்குதல், வாக்கியத்தை எழுத்தாகத் தாளில் இறக்குதல், எழுதியதைத் திரும்பப் படித்துத் திருத்துதல் ஆகியவை அதனுள் இருக்கின்றன. இவற்றுள் எது தடைப்படுகிறது என்று அறியாமல் உதவத் தொடங்கினால், தடையில்லாத இடத்தில்தான் பெரும்பாலும் உழைப்பு செலவாகும். எனவே நான்கு எளிய பணிகள் அவனுக்குத் தரப்பட்டன. பாடத்திலிருந்து ஒரு வினாவுக்கு வாய்மொழியாக விடை சொல்ல வேண்டும். அதே வகையான வேறொரு வினாவுக்கு எழுத்தில் விடை தர வேண்டும். ஒருவர் வாசிக்க ஒரு பத்தியைக் கேட்டு எழுத வேண்டும். அச்சிட்ட ஒரு பத்தியைப் பார்த்து எழுத வேண்டும்.

பார்த்து எழுதுவதில் வேகமும் கையெழுத்தும் அந்த வயதுக்கு ஏற்றபடியே இருந்தன. கைவலியோ, வரி விலகலோ, எழுத்து உருவத்தில் தடுமாற்றமோ இல்லை. (இவை இருந்திருந்தால், எழுதும் செயலிலேயே குறைபாடு உண்டா என்று அதற்குரிய வல்லுநரிடம் காட்டுவதே முதல் வேலையாக இருந்திருக்கும். வீட்டுப் பயிற்சி அதற்கு மாற்றாகாது.) கேட்டு எழுதும்போது ஒவ்வொரு வாக்கியத்திலும் இரண்டு மூன்று இடங்களில் பேனா நின்றது. நின்ற இடங்கள் அனைத்தும் ஐயத்துக்குரிய எழுத்துகளுக்கு முன்னால் இருந்தன.

தெளிவான வேறுபாடு முதல் இரண்டு பணிகளுக்கிடையே தெரிந்தது. மண்ணரிப்பு எவ்வாறு ஏற்படுகிறது என்று விளக்கும்படி கேட்கப்பட்ட வினாவுக்கு அவன் வகுப்புக் குறிப்பேட்டில் எழுதியிருந்த விடை இது: 'மண்ணரிப்பு என்பது மண் அரிக்கப்படுவது ஆகும். இது மழையால் ஏற்படுகிறது. நாம் மரம் நட வேண்டும்.' அதே வினாவை வாய்மொழியாகக் கேட்டபோது அவன் சொன்னது: 'மழ பெய்யும்போது மேல இருக்கற மண்ண அடிச்சிட்டுப் போயிடும். மரம் இருந்தா வேர் புடிச்சுக்கும், போகாது. வெட்டிட்டா புடிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. சரிவா இருந்தா இன்னும் வேகமா போகும். அந்த மேல்மண்ணுலதான் சத்து இருக்கு, அதனால அது போயிட்டா அங்க பயிர் நல்லா வராது.'

வினா கேட்ட 'எவ்வாறு' என்பதற்கு முழு விடையும், காரணங்களும், அவற்றின் விளைவும் பேச்சில் இருக்கின்றன. எழுத்தில் ஒரு வரையறை, ஒரு காரணம், ஓர் அறிவுரை. படிப்பு ஏறவில்லை என்ற தந்தையின் ஐயம் இந்த இரண்டையும் அருகருகே வைத்துப் படித்தபோதே நீங்கிவிட்டது.

ஆய்வுகள் சொல்வது

1981-இல் லிண்டா ஃபிளவரும் ஜான் ஹேய்ஸும் முன்வைத்த எழுத்துச் செயல்முறை மாதிரி, திட்டமிடுதல், மொழியாக்குதல், திரும்பப் பார்த்தல் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக நிகழாமல், எழுதும்போது ஒன்றையொன்று இடைமறித்தபடி நிகழ்கின்றன என்று காட்டியது. தேர்ந்தவருக்கு இது ஆற்றல். பழகாத குழந்தைக்கு இதுவே சுமை. ஒரு நேரத்தில் மனம் தாங்கக்கூடிய அளவுக்கு எல்லை உண்டு என்பதால், 'வெள்ள'த்துக்கு எந்த எழுத்து என்று யோசிக்கும் கணத்தில் அடுத்து சொல்ல நினைத்திருந்த காரணம் நழுவிவிடுகிறது. நம் மாணவனுக்கு நேர்ந்தது இதுதான். 1987-இல் கார்ல் பெரெய்ட்டரும் மார்லீன் ஸ்கார்டமாலியாவும், இளம் எழுத்தாளர்கள் தலைப்பைப் பார்த்ததும் நினைவில் முதலில் வருவதை வந்த வரிசையில் எழுதி முடித்துவிடுகிறார்கள் என்றும், தேர்ந்தவர்கள் எழுதும்போதே தம் எண்ணத்தை மாற்றியமைக்கிறார்கள் என்றும் விரிவாக எடுத்துக்காட்டினர். 'மண்ணரிப்பு என்பது' என்று தொடங்கி வரையறையோடு நின்றுவிடும் விடை முதல் வகைக்கு நல்ல சான்று.

பெற்றோருக்கு இன்னும் நேரடியாகப் பயன்படுவது, ஸ்டீவ் கிரகாமும் டொலோரஸ் பெரினும் 2007-இல் வெளியிட்ட தொகுப்பாய்வு. நான்காம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரையிலான மாணவர்களிடம் நடத்தப்பட்ட ஆய்வுகளை ஒருங்கே பார்த்த அவர்கள், திட்டமிடவும் திருத்தவும் வெளிப்படையாக உத்திகளைக் கற்பிப்பதற்கு 0.82 என்னும் உயர்ந்த விளைவளவையும் (பயிற்சி பெற்றவர்கள் பெறாதவர்களைவிட எவ்வளவு மேம்பட்டனர் என்பதைக் காட்டும் எண்), சிறு வாக்கியங்களை இணைத்துப் பெரிய வாக்கியமாக்கும் பயிற்சிக்கு 0.50 என்னும் அளவையும் கண்டனர். இலக்கண விதிகளைத் தனியே கற்பித்துப் பயிற்சி தரும் மரபான முறைக்கு இருந்த அளவு −0.32, அதாவது எழுத்தின் தரத்தில் அதனால் நன்மை தென்படவில்லை. இந்த எண்களைத் தமிழுக்கு அப்படியே பெயர்த்து வைப்பது சரியன்று. பேச்சுக்கும் எழுத்துக்கும் இவ்வளவு தொலைவுள்ள ஒரு மொழியில் எழுதும் குழந்தை, எண்ணத்தை வாக்கியமாக்கும்போதே 'போயிடும்' என்பதைச் 'சென்றுவிடும்' என்று மாற்றும் கூடுதல் வேலையையும் செய்கிறான். எனினும் எதில் நேரத்தைச் செலவிடுவது என்ற திசையை அவை காட்டுகின்றன.

வீட்டில் மாற்றப்பட்டவை

முதல் மாற்றம் ஒரு நிறுத்தம். இரண்டு மாதங்களுக்கு வீட்டில் எழுத்துப்பிழை திருத்துவதில்லை என்று பெற்றோர் ஒப்புக்கொண்டனர். தாய்க்கு இது எளிதாக இருக்கவில்லை. பிழையைப் பார்த்தும் பேசாமல் இருப்பது கடமை தவறுவதாக அவருக்குத் தோன்றியது. திருத்தாமல் விட்டால் தவறான வடிவம் மனத்தில் பதிந்துவிடாதா என்ற அவரது கேள்வியும் நியாயமானதே. அதற்காக எழுத்துப்பிழைக்கு வேறொரு நேரம் ஒதுக்கப்பட்டது. அவன் அந்த வாரம் எழுதியவற்றிலிருந்தே, அடிக்கடி பயன்படும் ஐந்தாறு சொற்களை மட்டும் எடுத்து, விடை எழுதும் நேரத்துக்கு வெளியே, ஒலித்துக் காட்டியும் எழுதியும் பழகினார்கள். வெள்ளம், பள்ளம், உள்ளம் என்று ஒரே அமைப்புள்ள சொற்கள் ஒன்றாக வந்தபோது பதிவது எளிதாயிற்று. அவன் எழுதவே துணியாமல் தவிர்த்துவந்த சொற்களும் இந்தப் பட்டியலில் சேர்ந்தன. தவிர்க்கப்பட்ட சொல் எது என்று தெரிந்துகொள்ள அவன் பேச்சைக் கேட்பது ஒன்றே வழி.

இரண்டாவது, எழுதும் முன் சொல்லுதல். தந்தை வாக்கியங்களைச் சொல்லித் தருவதை விட்டுவிட்டுக் கேட்பவராக மாறினார். அறிவியல் பாடம் அவருக்கு நினைவில் இல்லை என்பது இங்கே பெரிய நன்மையாக அமைந்தது. விடை தெரிந்த பெரியவர் கேட்கும் கேள்வி சோதனையாகிவிடுகிறது. தெரியாதவர் கேட்பது உண்மையான கேள்வி.

'சரிவா இருந்தா ஏன்டா வேகமா போகுது?'

'தண்ணி வேகமா ஓடும்ல அப்பா, அப்ப மண்ணையும் இழுத்துட்டுப் போகும்.'

'அப்ப சமமான நிலத்துல மண்ணரிப்பே வராதா?'

'வரும்... ஆனா கம்மியா. காத்துகூட அடிச்சிட்டுப் போகும், காஞ்ச மண்ணா இருந்தா.'

காற்றைப் பற்றிய கடைசி விடை அதுவரை அவன் பேச்சிலும் வந்ததில்லை. இந்த உரையாடலின்போது அவன் தாளில் எழுதியவை முழு வாக்கியங்கள் அல்ல. 'மழை', 'வேர்', 'சரிவு', 'காற்று', 'சத்து' என்று ஒற்றைச் சொற்கள் மட்டும். பின்னர் அச்சொற்களுக்கு எண்ணிட்டு வரிசைப்படுத்தினான். தாமே சரளமாக எழுத முடியாத பெற்றோர் இத்தகைய உதவியைத் தம்மால் செய்ய இயலாது என்று ஒதுங்குவது உண்டு. கேட்பதற்கும், புரியாதபோது 'புரியவில்லை' என்று சொல்வதற்கும் எழுத்துப் புலமை தேவைப்படுவதில்லை; ஒரு பாடத்தில் வல்லவரான பெற்றோருக்குத்தான், பிள்ளையின் வாக்கியத்தை நடுவில் பிடுங்கித் தாமே முடித்துவிடாமல் இருப்பது கடினம்.

முதல் சில வாரங்களில், ஒரு விடையின் முதல் பாதியை அவன் சொல்லத் தாய் எழுதினார். மறுபாதியை அவன் எழுதினான். தாய் எழுதும்போது ஒரு கட்டுப்பாடு இருந்தது: அவன் சொன்ன கருத்தையோ வரிசையையோ மாற்றக் கூடாது, பேச்சு வடிவத்தை எழுத்து வடிவமாக்குவது மட்டுமே அவர் வேலை, அதையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்ய வேண்டும். 'புடிச்சுக்கும்' என்பது 'பிடித்துக்கொள்ளும்' ஆவதை அவன் கண்முன்னே கேட்டும் பார்த்தும் அறிந்தான். கட்டடம் எழும்வரை நிற்கும் சாரத்தைப் போன்ற இத்தகைய துணையை உட், புரூனர், ராஸ் ஆகியோர் 1976-இல் விளக்கினர். சாரம் பிரிக்கப்பட வேண்டியது என்பதே பெற்றோர் பெரும்பாலும் மறக்கும் பகுதி. இங்கே தாய் எழுதும் பங்கு பாதியிலிருந்து முதல் இரண்டு வாக்கியமாகவும், பின்னர் தொடக்க வாக்கியமாகவும் குறைந்து, நின்றது.

வாக்கியங்களை இணைக்கும் பயிற்சி தமிழுக்கு நன்றாகப் பொருந்துகிறது. வினையெச்சங்களாலும் பெயரெச்சங்களாலும் வாக்கியம் நீளும் மொழி இது. 'மழை பெய்தது. மண் நனைந்தது. மண் நெகிழ்ந்தது. மண் அடித்துச் செல்லப்பட்டது' என்னும் நான்கை ஒன்றாக்கச் சொன்னபோது, 'மழை பெய்து மண் நனைந்து நெகிழ்ந்து அடித்துச் செல்லப்பட்டது' என்று முதலில் எழுதினான். வேறு எப்படியெல்லாம் இணைக்கலாம் என்று கேட்டபோது, 'மழையில் நனைந்து நெகிழ்ந்த மண் அடித்துச் செல்லப்பட்டது' என்றான். இது அவனுக்குப் பிடித்துப்போனது, சற்று மிகையாகவே. சில வாரங்கள் எல்லா வாக்கியங்களையும் இணைக்கத் தொடங்கி, ஆறு வரி நீளும் வாக்கியத்தின் இறுதியில் எழுவாயை மறந்து, 'மரங்கள்' என்று தொடங்கியதைப் 'பிடித்துக்கொள்கிறது' என்று முடித்தான். எழுத்து வளரும்போது புதிய பிழைகள் முளைப்பது இயல்பு. அதைப் பின்னடைவாகக் கொண்டு பெற்றோர் திருத்தத் தொடங்கியிருந்தால் அவன் மறுபடியும் மூன்று சொல் வாக்கியத்துக்கே திரும்பியிருப்பான்.

அந்தப் பிழைகளைக் கையாண்டது வாசித்துக் காட்டும் முறை. அவன் எழுதியதைத் தாய் எதையும் மாற்றாமல், எழுதியபடியே, நிதானமாக உரக்க வாசித்தார். தன் கண்ணுக்குத் தப்பியதை அவன் காது பிடித்தது. வாசிப்பின் நடுவிலேயே 'இரும்மா, அது தப்பு' என்று நிறுத்தித் தாளை வாங்கினான். அவனாக நிறுத்தாத இடங்களில் தாய் தலையிடவில்லை. வாசித்து முடித்ததும், தமக்கு என்ன புரிந்தது என்று ஒரு வாக்கியமும், இன்னும் எது தெரிய வேண்டும் என்று ஒரு கேள்வியும் மட்டும் சொன்னார்.

வினாவின் ஏவல் சொல்லை அடிக்கோடிடும் பழக்கம் சிறியதாயினும் தேர்வில் உடனடியாகப் பயன் தந்தது. 'வரையறு', 'விளக்குக', 'காரணம் கூறுக', 'வேறுபடுத்துக' என எது கேட்கப்பட்டிருந்தாலும் வரையறையையே எழுதிவந்தவன் அவன்.

இடையில் நேர்ந்த பின்னடைவு

மூன்றாம் மாதத்தில் பருவத் தேர்வு நெருங்கியபோது பழைய முறை திரும்பியது. தேர்வில் பிழைக்கு மதிப்பெண் குறையுமே என்ற கவலையில், தாய் பயிற்சி விடைகளை மறுபடியும் வட்டமிடத் தொடங்கினார். ஏறத்தாழ பத்து நாள்களில் விடைகள் மீண்டும் நான்கு வரிக்கு வந்தன. 'வெள்ளம்' மறைந்து 'நிறைய தண்ணீர்' திரும்பியது. அந்தக் குறிப்பேட்டுப் பக்கங்களைத் தாமே புரட்டிப் பார்த்த தாய், அதன்பின் சிவப்புப் பேனாவைக் கையில் எடுக்கவில்லை. ஆய்வு நோக்கில் பார்த்தால், திருத்தும் முறைக்கும் எழுத்தின் நீளத்துக்கும் தொடர்பு உண்டு என்பதற்கு இந்த நிகழ்வில் கிடைத்த வலுவான சான்று இந்தப் பின்னடைவே.

பிழைதிருத்தம் முற்றிலும் கைவிடப்படவில்லை. இரண்டு மாத இடைவெளிக்குப் பின் அது கடைசிக் கட்டமாகச் சேர்க்கப்பட்டது. விடை எழுதி, வாசித்து, மாற்றி முடித்த பிறகு, மாணவனே பென்சிலால் தனக்கு ஐயமான சொற்களின் கீழ்க் கோடிடுவான்; அகராதியிலோ பாடநூலிலோ தேடிச் சரிசெய்வான். ஐயப்படாமல் செய்த பிழைகளில் ஒரு வகையை மட்டும் தாய் சுட்டிக்காட்டுவார். ஒரு வாரம் ரகர றகரம் என்றால், அந்த வாரம் ஒற்று மிகுதல் பற்றிப் பேச்சில்லை.

மொழி ஆசிரியரிடம் பெற்றோர் ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தனர்: கருத்துக்கான குறிப்பையும் எழுத்துப்பிழைக்கான குறிப்பையும் இயன்றால் தனித்தனியே தர வேண்டும் என்பது. பெரிய வகுப்பில் எல்லாத் தாள்களுக்கும் இது கைகூடாது என்றாலும், மாதத்துக்கு ஒரு தாளில் ஆசிரியர் அவ்வாறு செய்தார்.

விளைவும் அதன் எல்லையும்

ஒரு கல்வியாண்டின் இறுதியில் ஐந்து மதிப்பெண் வினாக்களுக்கு அவன் விடைகள் பொதுவாக அரைப் பக்கத்துக்கு மேல் சென்றன. நீளத்தைவிட முக்கியமானது, காரணத்தையும் விளைவையும் இணைக்கும் வாக்கியங்கள் வரத் தொடங்கியது. மண்ணரிப்பு வினாவுக்கு ஆண்டிறுதியில் அவன் எழுதிய விடையின் ஒரு பகுதி: 'மரங்களின் வேர்கள் மண்ணைப் பிடித்துக்கொள்வதால் மரங்கள் நிறைந்த இடத்தில் மண்ணரிப்பு குறைவு. மரங்களை வெட்டிய சரிவான நிலத்தில் மழைநீர் வேகமாக ஓடி மேல்மண்ணை இழுத்துச் செல்கிறது. மேல்மண்ணில்தான் சத்து இருக்கிறது என்பதால் அங்கே பயிர் நன்றாக வளராது. காய்ந்த மண்ணைக் காற்றும் அடித்துச் செல்லும்.' வெள்ளம் பற்றிய மற்றொரு விடையில் அச்சொல் மூன்று முறை வந்தது, ஒருமுறை தவறாக.

இவ்வளவும் ஒரு குழந்தையிடம் கண்டவை. அந்த ஆண்டில் அவன் வயதும் கூடியது, வகுப்பாசிரியரும் மாறினார். முன்னேற்றம் முழுவதையும் வீட்டு முறைக்கே கணக்கெழுத முடியாது. பேச்சிலும் எழுத்திலும் ஒரே அளவு வறட்சி காணப்படும் குழந்தைக்கு இதே முறை போதாது. அங்கே வாசிப்பும் பொருளறிவும் முதலில் வளர வேண்டும். தடை வேறிடத்தில் இருந்தால் உதவியும் வேறாகவே இருக்கும் என்பதால்தான் நான்கு பணிகளும் முதலில் செய்யப்பட்டன.

மனப்பாடக் கட்டுரை இன்னும் முழுமையாக நீங்கவில்லை. மதிப்பெண் தரும் ஒன்றை விடும்படி பெற்றோரை இணங்கவைப்பது கடினமாகவே இருந்தது. இறுதியில், முன்னுரையை மட்டும் வைத்துக்கொண்டு பொருளுரையை மாணவனே எழுதுவது என்ற சமரசம் ஏற்பட்டது. அவ்வாறு எழுதிய முதல் கட்டுரைக்கு முன்பைவிட மதிப்பெண் குறைந்தது. தந்தை அதைப் பொறுத்துக்கொண்டார்.

தீராதிருப்பது தேர்வு நேரத்தின் நெருக்கடி. வீட்டில் சொல்லி, குறித்து, எழுதி, வாசிக்கும் வரிசைக்கு வேண்டிய நேரம் தேர்வறையில் கிடைப்பதில்லை. கடைசி இரண்டு வினாக்களில் அவன் விடைகள் இன்றும் சுருங்குகின்றன. இப்போது வாரம் ஒருமுறை, ஒரே வினாவுக்கு நேரம் குறித்து எழுதுகிறான். முதல் இரண்டு நிமிடங்கள் ஒற்றைச் சொற்களைக் குறிப்பதற்கு மட்டும். அந்த நேரம் முடியும்வரை முழு வாக்கியம் எழுதக் கூடாது என்ற விதியை அவனே வகுத்திருக்கிறான்.